புயற்காப்புக் கதவும் கட்டட விதியும்: புளோரிடாவின் அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

கட்டட ஒழுங்குவிதிகளை இலக்கிய மாணவர் படிப்பது வழக்கமன்று. எனினும் எந்தவொரு விதியின் வாசகமும் குறிப்பிட்ட சமூகச் சூழலில், குறிப்பிட்ட நலன்களின் மோதலினாலேயே உருவாகின்றது. அவ்வகையில், ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே கரையோர வீடுகளின் யன்னல்களுக்குப் பொருத்தப்படும் 'ஷட்டர்' எனும் புயற்காப்புக் கதவுகள் பற்றிய விதிகளையும், அவற்றுக்கான அனுமதிமுறையையும் இங்கு நோக்குவோம். யாருடைய வீட்டை, யாருடைய செலவிற் காப்பது என்ற வினாவுக்கு அவை அளிக்கும் விடையே எமது சிரத்தைக்குரியது.

முதலிற் பொறியியல் நியாயத்தைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். யன்னற் கண்ணாடி உடைவது தன்னளவிற் பெருநட்டமன்று. உடைந்த வழியாகப் புகுங் காற்று வீட்டினுள் அமுக்கத்தைக் கூட்டிக் கூரையை உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளுகின்றது. அதேவேளை கூரைக்கு மேலாக விரைந்து செல்லுங் காற்று அதனை வெளியிலிருந்து இழுக்கின்றது. இவ்விரு விசைகளும் ஒன்றுசேருமிடத்துக் கூரை பெயர்கின்றது. கூரையின் பிணைப்பை இழந்த சுவர் சரிகின்றது. கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் காற்று அள்ளிவரும் ஓடும் பலகையுமே. அயல் வீட்டிற் செவ்வனே அறையப்படாத கூரைப்பலகை எமது யன்னலுக்கு எறிபடையாகின்றது. ஆகவே யன்னற் காப்பு என்றுமே தனியொருவரின் விவகாரமாக இருந்ததில்லை.

1992 ஆகஸ்ட் 24ஆந் திகதி 'அன்ட்ரூ' சூறாவளி மியாமி நகருக்குத் தெற்கேயுள்ள ஹோம்ஸ்டெட் பகுதியைத் தாக்கியபோது 25,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அங்கே விதி இல்லாதிருக்கவில்லை. 1957 முதல் நடைமுறையிலிருந்த தென் புளோரிடாக் கட்டட விதிக்கோவை கண்டிப்பானதெனப் பெயர்பெற்றிருந்தது. ஆயினும் வீடமைப்பு வியாபாரம் கொழித்த ஆண்டுகளில், ஆணி அறையவேண்டிய இடத்திற் கம்பிக் கவ்விகளைச் சுட்டுப் பொருத்திய கூரைகள் எழுந்தன, பரிசோதனையோ பெயரளவினதாயிற்று. மேற்பார்வையின் குறைபாடுகளை அப்பகுதியின் பெரும் யூரர் சபையே அவ்வாண்டிறுதியிற் கண்டித்தது. பத்திரிகைகள் இயற்கையின் சீற்றம் என்று எழுதியதில் ஒரு பங்கு இலாபத்தின் அவசரமேயாகும். அதன்பின் காப்புறுதிக் கம்பனிகள் பல முறிந்தமையே சீர்திருத்தத்துக்கு வலுவான உந்துதலாயிற்று என்பது எமது கருத்து. குடியிருந்தோரின் துன்பம் மட்டும் அவ்வளவு விரைவில் சட்டமாகியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

1994இல் மியாமிப் பகுதியில் நடைமுறைக்கு வந்த சோதனை பலருக்கும் வியப்பளிக்கக்கூடியது. ஒன்பது இறாத்தல் நிறையுள்ள 'இரண்டுக்கு நாலு' மரச்சட்டமொன்று செக்கனுக்கு ஐம்பது அடி வேகத்திற் கதவின்மீது எறியப்படும். அதைத் தாங்கிய கதவு பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் மாறிமாறி அமுக்கத்துக்கு உட்படுத்தப்படும். இதில் தேறிய பொருளுக்கே ஏற்பு அறிவித்தல் எனும் பத்திரம் வழங்கப்படும். எவ்வகைத் திருகாணி, எத்தனை அங்குல இடைவெளியில், சுவர் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். அனுமதிப்பத்திரம் கோருவோர் இப்பத்திரத்தையும், வீட்டின் ஒவ்வொரு திறப்பையுங் குறித்த வரைபடத்தையும் சமர்ப்பித்தல் வேண்டும். வேலை முடிந்தபின் பரிசோதகர் வந்து பார்ப்பார். திருகாணியைப் பற்றிய இந்தக் கறார்த்தனம் வெறும் அலுவலக மனப்பான்மையன்று. உறுதியான கதவும் தளர்ந்த ஆணியிற் பிடுங்கப்பட்டு, தானே எறிபடையாகிவிடும்.

2002 மார்ச் முதலாந் திகதி மாநிலம் முழுவதற்குமான கட்டட விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது. மிகக் கடுமையான ஏற்பாடுகள் மியாமி–டேட், புரோவாட் ஆகிய இரு கவுண்டிகளுக்கே உரியன. ஏனைய காற்றெறிபொருள் வலயங்களில், ஒரு மாடி, இரு மாடி வீடுகளுக்கு 7/16 அங்குலத் தடிப்புள்ள மரப்பலகையை முன்கூட்டியே வெட்டி, பொருத்தும் ஆணிகளுடன் வைத்திருந்தாலே போதுமானது. இங்கு மனங்கொள்ளவேண்டியது வடமேற்குப் பகுதிக்கு அளிக்கப்பட்ட விலக்காகும். அங்கே கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் இக்காப்பு வேண்டியதில்லை என அப்போது சட்டசபை விதித்தது. காற்று ஒரு மைலில் நின்றுவிடுவதில்லை; வீட்டின் விலை கூடிவிடும் என்ற வாதமே அங்கு நின்றது. 2004இல் 'ஐவன்' சூறாவளி அப்பகுதியைத் தாக்கிய பின்னரே அவ்விலக்கு நீக்கப்பட்டது.

இவ்விதிகள் பிரதானமாகப் புதிய கட்டடங்களுக்குரியன. பழைய வீட்டில் வசிப்பவர் விரும்பினாற் பொருத்தலாம். பொருத்துவதாயின் அனுமதி பெறல் வேண்டும். தொடர்மாடி மனைகளில், ஷட்டரின் நிறமும் பாணியும் பற்றிய நியமங்களை நிர்வாக சபை வகுத்தல் வேண்டும். அவற்றுக்கு இணங்கியதை மறுத்தலாகாது எனச் சட்டம் கூறுகின்றது. அழகுக்காக அயலவரின் பாதுகாப்பை மறுத்த சபைகள் இருந்தமையாலன்றோ இத்தகைய சட்டம் வேண்டியதாயிற்று! காப்புறுதிக் கட்டணக் கழிவும், 2006இல் தொடங்கப்பட்டு 2022இற் புத்துயிர் பெற்ற அரச மானியத் திட்டமும் வீட்டுரிமையாளரை நோக்கியவை. வாடகைக்கு இருப்போர் கழிவும் பெறார். வீட்டுக்காரரின் சம்மதமின்றி அனுமதி கோரவும் இயலார். சூறாவளி நெருங்கும் வேளையிற் பலகை வாங்கி அறைவதே அவர்களுக்கு எஞ்சியுள்ள வழி.

சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட 'தெயர் ஐஸ் வேர் வாச்சிங் கோட்' எனும் நாவலில், ஒக்கிச்சோபி ஏரிக்கரைக் கறுப்பினத் தொழிலாளர், பெரிய வீட்டார் அஞ்சாதிருப்பதைக் கண்டு தாமும் குடிசைகளிற் தங்கிவிடுகின்றனர். 1928ஆம் ஆண்டின் சூறாவளியை அடியொற்றிய சித்திரிப்பு அது. அக்குடிசைகளின் இன்றைய வாரிசு எனத் தக்கது தொழிற்சாலையிற் செய்து கொண்டுவந்து நிறுத்தப்படும் 'மொபைல் ஹோம்' ஆகும். 1992இல் ஹோம்ஸ்டெட்டில் அவ்வகை வீடுகள் ஏறக்குறைய முற்றாக அழிந்தன. அவை மாநில விதிக்கோவைக்கன்றி மத்திய அரசின் விதிகளுக்கு உட்பட்டவை. 1994இல் அவ்விதிகளும் கடுமையாக்கப்பட்டன. பலத்த காற்று வலயங்களுக்குரிய வீடுகளில், யன்னலைச் சூழ்ந்த சுவர் ஷட்டர் பொருத்துவதற்கு ஏற்றதாக அமைக்கப்படல் வேண்டும் என்று அவை கட்டளையிடுகின்றன. ஷட்டரையும் உடன்வழங்குமாறு தயாரிப்பாளரை ஊக்குவிக்கின்றன, கட்டாயப்படுத்தவில்லை.