டிரெய்லருக்குப் புது அச்சு

கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு. சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் டிராக்டர் டிரெய்லருக்கு ஓய்வு குறைவு. இரண்டு சக்கர டிரெய்லர் என்றால், அதன் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது ஒரே ஒரு சதுர இரும்பு அச்சு.

டிராக்டரின் பின் அச்சு சக்கரத்தைச் சுழற்றும். டிரெய்லர் அச்சு சுழலாது, சுமக்கும். உருண்டையாகக் கடைந்த அதன் இரு முனைகளிலும் உள்ளே ஒரு பெரிய பேரிங், வெளியே ஒரு சிறிய பேரிங், அவற்றின் மேல் ஹப். கிரீஸ் வற்றினால் பேரிங் சூடேறிக் கடைசல் முனையை அரித்துவிடும். அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சின் நடுப்பகுதி தொய்யும். சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் அச்சைப் பாருங்கள்.

தொய்ந்ததைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும், விரிசலில் வெல்டிங் வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. சூடு பட்ட இடத்தில் இரும்பின் பழைய உறுதியை நம்ப முடியாது. உப்பு ஏற்றிப்போன உமணர்கள் மாற்று அச்சு ஒன்றை வண்டிக்கடியில் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் சொல்கிறார். முறிந்தால் மாற்றுவதே அன்றைக்கும் வழி.

சதுரத்தின் கனம், இரு ஸ்பிரிங் பட்டைக் கட்டுகளுக்கு இடையே உள்ள தூரம், பேரிங் எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு அச்சு வாங்குங்கள். வேலையைக் காலி டிரெய்லரில், சமதரையில் செய்யுங்கள். ஜாக்கியைச் சேஸிஸில் கொடுத்துத் தூக்கி, கனமான மரக்கட்டைகளை அடுக்கிப் பாரத்தை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது.

அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றினால் பழைய அச்சு வந்துவிடும். புதியதில் பட்டையின் நடு போல்ட்டுத் தலை அச்சுக் குழியில் சரியாக உட்கார வேண்டும். இறுக்கும் முன் டேப் எடுங்கள். டிராக்டரில் மாட்டும் கண்ணியிலிருந்து அச்சின் இடமுனைக்கும் வலமுனைக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் பிசகினால் டிரெய்லர் ஒருபக்கமாக இழுத்தபடியே ஓடும், புது டயரும் சீக்கிரம் தேயும். அரைநாள் ஆனாலும் இந்த அளவை விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு புது யு போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் குறுக்காக இறுக்குங்கள்.

பேரிங்கில் கிரீஸை நன்றாகத் திணித்து, ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுழற்சி கனக்கத் தொடங்கியதும் சற்றே தளர்த்திக் காட்டர் பின் போடுங்கள். முதல் லோடு இறக்கியதும் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து நட்டு இறுக்கம் அதிகம்.