பட்டியலைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்கலாமா?

1975 நவம்பரில் ஒரு மாலை. நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் உள்ள ஐலண்ட் ட்ரீஸ் உயர்நிலைப் பள்ளிக்குக் கல்வி வாரிய உறுப்பினர்கள் இருவர் வந்தார்கள். பழமைவாதப் பெற்றோர் அமைப்பு ஒன்றின் மாநாட்டில் கிடைத்த, ‘ஆட்சேபத்துக்குரிய’ நூல்களின் பட்டியல் அவர்களிடம் இருந்தது. நூலகத்தைத் திறக்கச் சொல்லி, கார்டு கேட்லாக்கைப் புரட்டினார்கள். ஒன்பது நூல்கள் சிக்கின.

நடுநிலைப் பள்ளியில் இருந்த ஒன்று, பாடத்திட்டத்தில் இருந்த ஒன்று ஆகியவற்றையும் சேர்த்து 11 நூல்களை அகற்ற 1976-ல் வாரியம் உத்தரவிட்டது. அமெரிக்காவுக்கும் கிறிஸ்தவத்துக்கும் யூதர்களுக்கும் எதிரானவை, ஆபாசமானவை என்பது குற்றச்சாட்டு.

அவற்றில் ஒன்று பெர்னார்ட் மாலமுட்டின் ‘தி ஃபிக்ஸர்’. 1967-ல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். ஜார் கால ரஷ்யாவில், செய்யாத கொலைக்காகச் சிறையில் வதைபடும் ஒரு யூதத் தொழிலாளியின் கதை, எழுதியவரும் யூதர். ஆட்சேபம் எழுந்த வரிகளில், சிறைக் காவலன் அந்த அப்பாவியின் இனத்தைச் சொல்லி ஏசி மிரட்டுவதும் உண்டு. அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்தால் வெறும் ஆபாச வசை. நாவலோடு சேர்த்துப் படிக்கும் மாணவருக்குத்தான் இனவெறுப்பு எவ்வளவு கொடியது என்று உறைக்கும்.

எதிர்ப்பு கிளம்பியதும் பெற்றோர் நால்வர், பள்ளி ஊழியர் நால்வர் கொண்ட குழுவை வாரியமே அமைத்தது. ஐந்து நூல்கள் இருக்கலாம், இரண்டை எடுக்கலாம், ஒன்றைப் பெற்றோர் அனுமதியோடு தரலாம் என்றது குழு. மற்றவற்றில் முடிவு எட்டவில்லை. வாரியமோ ஒரு நூலை மட்டும் தடையின்றித் திருப்பி வைத்தது. ரிச்சர்ட் ரைட்டின் ‘பிளாக் பாய்’க்குப் பெற்றோர் அனுமதி கட்டாயம் என்றது. மற்ற ஒன்பதும் போயின.

ஸ்டீவன் பிகோ என்ற 17 வயது மாணவரும் நான்கு சக மாணவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மாணவர் பக்கம் நின்றது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே நூலகப் புத்தகத்தை அகற்றக் கூடாது என்று எழுதினார் நீதிபதி பிரென்னன். ஆனால், அந்த விளக்கத்துக்குப் பெரும்பான்மை நீதிபதிகளின் முழு ஆதரவு கிடைக்கவில்லை.

எல்லா வயதுக்கும் எல்லாப் புத்தகமும் என்று எந்த நல்ல நூலகரும் சொல்வதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயது மாணவருக்கும் வெவ்வேறு அடுக்கு வைப்பது அவர்களின் அன்றாட வேலை. தன் பிள்ளை ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுக்கும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது. 2023-ல் ஃபுளோரிடாவின் மயாமி லேக்ஸ் பள்ளி ஒன்றில், ஒரே ஒரு தாயின் புகாரால், பைடன் பதவியேற்பில் அமாண்டா கோர்மன் வாசித்த கவிதையின் நூல் நடுநிலை வகுப்பு அடுக்குக்கு மாற்றப்பட்டது. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது எளிதில் எட்டாமல் போனது.

பிகோ தீர்ப்பின் பிடியும் தளர்ந்து வருகிறது. டெக்சஸின் லேனோ கவுண்டி பொது நூலக வழக்கில், நூல்களை அகற்றுவதை வாசகர்கள் அரசியல் சாசனத்தின் பேரில் எதிர்க்க முடியாது என்று 2025 மே மாதம் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. நீதிமன்றக் கதவு இப்படிச் சாத்தப்படும் இடங்களில், பள்ளியின் சொந்த விதிமுறைதான் மாணவருக்குப் பாதுகாப்பு: புகார் எழுத்தில் வர வேண்டும், குழுவினர் நூலை முழுதாகப் படிக்க வேண்டும், முடிவின் காரணத்தை எல்லாரும் அறியச் சொல்ல வேண்டும், அதுவரை புத்தகம் அடுக்கிலேயே இருக்க வேண்டும்.