தெருக்குழாயும் தற்செயல் தேர்தலும்

வார்டு உறுப்பினர் ஒருவரின் இடம் இறப்பினாலோ பதவி விலகலாலோ காலியாகும்போது நடப்பதை மக்கள் இடைத்தேர்தல் என்று சொன்னாலும், மாநிலத் தேர்தல் ஆணையம் அதைத் ‘தற்செயல் தேர்தல்’ என்றே குறிப்பிடுகிறது. அதில் வெல்பவருக்கு ஐந்தாண்டுகள் முழுமையாகக் கிடைப்பதில்லை, முன்னவர் விட்டுச்சென்ற எஞ்சிய காலமே கிடைக்கும். 60 வார்டுகள் கொண்ட சேலம் மாநகராட்சியிலும் நாமக்கல் வட்டாரப் பேரூராட்சிகளிலும் கட்சிச் சின்னம் உண்டு. சிற்றூராட்சியிலோ அது கிடையாது என்பதால், அங்கே வேட்பாளர் தம் பெயரையும் ஆணையம் ஒதுக்கிய பூட்டு, ஏணி போன்ற சின்னத்தையும் நம்பித்தான் வீடுவீடாக ஏற வேண்டும். அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு, குடிநீர் வராத நாள் ஆகியவையே திண்ணையில் அவரிடம் கேட்கப்படும் கேள்விகள்.

இத்தகைய உள்ளாட்சிப் பணிக்குச் சேலத்தில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1866இல் தோன்றிய சேலம் நகராட்சியில் 1911இல் உறுப்பினராகி, 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்த ராஜாஜி, வரி செலுத்தும் சிலருக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த அக்காலத்திலேயே, அம்மன்றத்தின் முதல் தலித் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படக் காரணமாக இருந்தார். பிற்காலப் பெரும்பதவிகளின் ஒளியில் இச்செயல் மங்கிப்போனது வியப்பன்று. அதே ஆண்டுகளில் அண்டையிலிருந்த ஈரோட்டு நகராட்சிக்குத் தலைவராக இருந்த பெரியார், காவிரி நீரைக் குழாய்வழி ஊருக்குக் கொண்டுவந்தார். 1919இல் பெரியார் பதவியை விட்டு விலக, ராஜாஜியும் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.