வருகைக் கணக்கை வெளியிட வேண்டுமா?

ஒரு பத்திரிகை எத்தனை படிகள் விற்கின்றது என்பதை அதன் உரிமையாளர் மட்டுமே அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு. விளம்பரம் தருவோர் அவர் சொன்ன எண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். இக்குறையைப் போக்கவே, 1948-ஆம் ஆண்டில் இந்தியாவில் ‘ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ்’ என்னும் அமைப்பு தோன்றியது. உறுப்புப் பத்திரிகைகளின் விற்பனையை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தணிக்கை செய்து சான்று வழங்குவது அதன் பணி.

இணையத்தளங்களுக்கு இத்தகைய தணிக்கை கட்டாயமில்லை. இதனால் யாருக்கு இழப்பு? அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில், எங்கள் தெருத் தையற்கடைக்காரர் ஓர் இணையத்தளத்தில் விளம்பரம் செய்ய எண்ணினார். “தம்பி, மாசம் ஒரு லட்சம் ஹிட்டுன்னு சொல்றாங்க. அப்போ லட்சம் பேர் பார்ப்பாங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

பார்க்கமாட்டார்கள். ஒரு பக்கத்தில் இருபது படங்கள் இருந்தால், ஒருவர் ஒரு முறை திறந்தாலே இருபத்தொரு ‘ஹிட்’ பதிவாகக்கூடும். தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களும் அக்கணக்கில் சேர்ந்துவிடும். ஹிட் வேறு, பக்கப் பார்வை வேறு, வந்த ஆள் வேறு. எண்ணை மட்டும் சொல்லி, எண்ணிய முறையைச் சொல்லாமல் விடுவது, படியைக் காட்டாமல் அரிசி அளப்பதை ஒக்கும்.

வெளிப்படையாக நடப்பதும் இயலும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், எந்தக் கட்டுரை எந்த நாளில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை எவரும் காணலாம். தானியங்கி நிரல்களின் வருகை அங்கே தனியே பிரித்துக் காட்டப்படுகின்றது. எந்தக் கட்டுரையை முதலில் திருத்த வேண்டும் என்று எழுதுவோர் அறியவும் இது துணைபுரிகின்றது.

இதற்கு மறுப்பும் உண்டு. குறைந்த எண்ணைக் கண்டு நல்ல தளத்தையும் மக்கள் இகழக்கூடும் என்பர். அது உண்மையே, எண்ணிக்கை தரத்தின் அளவுகோல் அன்று. அதனினும் வலிய மறுப்பு மற்றொன்று. ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் மட்டும் ஒரு நோயைப் பற்றிய பக்கத்தைப் படித்தார் என்று வெளியிட்டால், அவர் இன்னார் என்று ஊரார் ஊகித்துவிடலாம். ஆகவே தொகையைச் சொல்லலாம், ஆளைக் காட்டலாகாது.

என் கருத்து இதுதான்: காசு கேளாமல் எழுதுவோர் தம் கணக்கைத் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். ஆனால், எண்ணைக் காட்டி விளம்பரமோ நன்கொடையோ கேட்போர், அந்த எண்ணையும் அதனை எண்ணிய முறையையும் ஊரறியச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தையற்கடைக்காரரின் சில நூறு ரூபாயும் உழைத்துச் சேர்த்த பொருளன்றோ!