டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் வேண்டாம்

டயாலிசிஸ் செய்துகொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகும்போது, தோப்பிலிருந்து நாலு இளநீர் வெட்டிக்கொண்டு போவது நம் ஊர்களில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம்.

காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் இடச் சொல்கிறோம். தென்னை மண்ணிலிருந்து அதிகமாக உறிஞ்சுவது சாம்பல் சத்தை என்பதால்தான் பொட்டாஷுக்கு இந்த முக்கியத்துவம். வாழையும் அப்படியே. டாக்டர் சொல்லும் பொட்டாசியமும் இந்தச் சாம்பல் சத்தும் ஒன்றுதான். 300 மில்லி இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் இருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாள் முழுவதற்கும் பொதுவாக அனுமதிப்பதே 2,000 மில்லிகிராம் அளவுதான்.

நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். செயலிழந்துவிட்டால் அடுத்த டயாலிசிஸ் வரை அது ரத்தத்திலேயே தேங்கும். அளவு மீறினால் கை கால் தளரலாம். எந்த அறிகுறியும் இல்லாமல் இதயம் நின்றும் போகலாம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இடைவெளி நீளும் நாட்களில் கூடுதல் கவனம் தேவை.

வைக்கோல் மழையில் நனைந்தால் அதிலுள்ள சாம்பல் சத்து கரைந்து மண்ணுக்குப் போய்விடுவது உங்களுக்குத் தெரியும். செடிக்குள் பொட்டாசியம் எதனோடும் இறுகிச் சேராமல் சாற்றிலேயே கரைந்து நிற்பதுதான் காரணம். சமையலிலும் இதே கணக்குதான். காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டுங்கள். முழுதாக வேகவைத்தால் அவ்வளவு இறங்காது. 'சத்து வீணாகிறதே' என்று வடித்த தண்ணீரில் ரசம் வைத்துவிடாதீர்கள். போக வேண்டியதே அந்தச் சத்துதான்!

'சோடியம் குறைந்த உப்பு' வாங்கும் முன் பாக்கெட்டைப் படியுங்கள். பெரும்பாலும் சோடியம் குளோரைடில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். நீங்கள் மூட்டையாக வாங்கும் மியூரியேட் ஆப் பொட்டாஷும் அதே வேதிப்பொருள்தான். சாதாரண உப்பையே குறைத்துப் போடுவது மேல்.

சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று நானே பலரிடம் சொல்கிறேன். ஆனால் கேழ்வரகில் பொட்டாசியமும் பாஸ்பரசும் வெள்ளை அரிசியைவிட அதிகம். இவர்களுக்கு வெள்ளைச் சோறுதான் பொருத்தம்.

டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகும் பல வீடுகளில் அதே பத்தியம் தொடர்கிறது. டயாலிசிஸில் புரதச் சத்தும் வெளியேறுவதால், இப்போது உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. முட்டை வெள்ளைக்கரு இதற்கு நல்லது. குடிக்கும் தண்ணீர், பழத்தின் அளவை அவரவர் ரத்தப் பரிசோதனையையும் எடையையும் பார்த்து டயாலிசிஸ் மையத்தில் சொல்வார்கள். நட்சத்திரப்பழம் மட்டும் ஒரு துண்டுகூடக் கூடாது. அதிலுள்ள நச்சை இவர்கள் உடலால் வெளியேற்ற முடியாது. அது மூளையைத் தாக்கும்.

வீட்டுத் தோட்டத்துக்கு விதை கொடுக்கும் களப்பணியாளர்கள், வீட்டில் டயாலிசிஸ் செய்பவர் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால் கீரை, முருங்கையைவிடச் சுரை, பீர்க்கு, புடலை விதைகளைக் கூடுதலாகக் கொடுங்கள்.