எரிகிற விளக்கு சொன்ன பொய்

ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியானதும் நாரணாபுரம், சிவகாசி பக்கம் அச்சகங்களில் ஆர்டர் குவியத் தொடங்கும். அப்படியொரு சீசனில்தான் ஓர் அச்சக அண்ணாச்சி போன் போட்டார். “தம்பி, டிசைன் ரூம்ல மூணு சிஸ்டத்துல இருந்து பிளேட் ரூம் சர்வருக்கு பைல் போகுது. ரெண்டுல போக மாட்டேங்குது. வந்து பாருங்க.”

நான் போட்ட இணைப்புதான் அது. டிசைன் ரூம் ஒரு கட்டடம், பிளேட் ரூம் எதிர்க் கட்டடம். இரண்டிலும் ஒரு ஸ்விட்ச். நடுவே இரண்டு பைபர் லைன். சும்மா இரண்டு லைனையும் செருகிவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கே படுத்துவிடும்; அல்லது ஸ்விட்ச் சுதாரித்துக்கொண்டு ஒன்றை அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே லைனாக நினைத்துக்கொள் என்று ஸ்விட்சுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சில வழிகள் உண்டு. சிஸ்கோவின் சொந்த முறையான பிஏஜிபி இங்கே ஆகாது. எதிர்முனையில் வேறு கம்பெனி ஸ்விட்ச். நான் சுலபமானதைப் பிடித்தேன்: ஸ்டேட்டிக். இரு முனையும் ஒன்றையொன்று எதுவும் கேட்டுக்கொள்ளாது. போர்ட்டில் விளக்கு எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது என்று நம்பிவிடும்.

போய்ப் பார்த்தால் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. மொட்டைமாடியில் ஒரு பைபரை அணில் கடித்திருந்தது. ஆனால் ஸ்விட்சுக்கும் பைபருக்கும் நடுவே மீடியா கன்வர்ட்டர் என்றொரு சின்னப் பெட்டி. அந்தப் பக்கம் அறுந்தாலும் இந்தப் பக்கம் விளக்கை எரியவிட்டது. எந்த சிஸ்டம் எந்த லைன் என்பதை, சிஸ்டத்தின் முகவரியை வைத்து ஸ்விட்ச் கணக்குப் போட்டுப் பிரிக்கும். செத்த லைன் பங்குக்கு வந்தவை அந்த இரண்டு சிஸ்டம்.

பைபரைச் சரிசெய்து, அன்றே எல்ஏசிபிக்கு மாற்றினேன். 2000இல் 802.3ஏடி என்று வந்த பொதுத் தரம். கம்பெனி பேதம் கிடையாது. இரு முனையும் 30 வினாடிக்கு ஒருமுறை, வேக அமைப்பில் வினாடிக்கு ஒருமுறை, ‘இருக்கியா’ என்று விசாரித்துக்கொள்ளும். மூன்று முறை குரல் வராவிட்டால் அந்த லைனைக் கழற்றிவிடும்.

“ரெண்டு லைன் இருந்தும் ஒரு பைல் ரெண்டு மடங்கு வேகத்துல போகலையே?” என்றார் அண்ணாச்சி. பல சிஸ்டம் ஒரே நேரத்தில் அனுப்பினால்தான் இரண்டும் பயன்படும். ஒரு பைலைப் பிரித்து அனுப்பினால் வரிசை கலைந்துவிடும், தினசரி காலண்டர் தாளை இரண்டு லாரியில் ஏற்றிய மாதிரி என்றேன்.

“ஐயையோ, பத்தொன்பதுக்கு அப்புறம் பதினேழு வந்துச்சுன்னா கட்டோட திருப்பி அனுப்பிருவானே!”