நெகட்டிவ் இல்லாத படம்

சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பமொன்றைப் பற்றி விருதுநகர் மாணவர் சிலர் குறும்படம் எடுக்க முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்து கலக்கும் அறைக்குள் விளக்கையும் மின்கருவியையும் கொண்டுபோவது ஒருபோதும் கூடாது. ஒரு சிறு பொறி போதும், உயிர்கள் மாண்டுபோகும். ஆகையால், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களை அவரவர் வாசற்படியில் உட்காரவைத்து, எடுத்தவுடன் கையில் படம் தரும் இன்ஸ்டன்ட் காமிராவினால் எடுத்து, அந்தப் படங்களையே திரையில் காட்டுவது என்று தீர்மானிக்கிறார்கள். அழகிய தீர்மானந்தான், ஆனால் படத்தை மேஜைமேல் வைத்து விளக்கைப் போட்டதும், முகம் மறைந்து விளக்கின் பிரதிபிம்பமே தெரிகிறது. இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் உணர்வதற்கு, அந்தப் படம் பிறக்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியவில்லை என்று 1943-இல் மூன்று வயது மகள் கேட்ட கேள்வியை மனத்தில் இருத்தி, அமெரிக்க விஞ்ஞானி எட்வின் லேண்ட் 1947 பிப்ரவரி 21 அன்று தம் சாதனத்தை அறிஞர் சபையில் செய்து காட்டினார். 1972-இல் வந்த அவரது போலராய்டு எஸ்.எக்ஸ்-70 காமிராவோ, கண்ணெதிரே தானாகவே வண்ணம் விளங்கும் படத்தைத் தந்தது. அதன் அடியிலுள்ள அகன்ற வெள்ளை ஓரம் அலங்காரத்துக்கு அன்று. ரசாயனக் குழம்பை அடக்கிய சிறு உறை அதற்குள் இருக்கிறது. காமிராவின் இரு உருளைகள் அதை நசுக்கிக் குழம்பைச் சீராகப் பரப்ப, சாயங்கள் மேலே ஊறி வெண்மையான பின்னணியில் உருவாகத் திரள்கின்றன. படத்தை உதறுவதால் யாதொரு பயனும் இல்லை. போலராய்டு பிலிமுக்கு உகந்த வெப்பம் 13 முதல் 28 டிகிரி வரை. விருதுநகர்ச் சித்திரை வெயிலோ அதை வெகுதூரம் தாண்டிவிடும் என்பதால், வெளிவந்த படத்தை உடனே நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும்.

இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான், மங்கினால் மங்கியதுதான். ஆதலால் அதைப் பார்த்துப் படமெடுப்பது, ஒரே பிரதிக்கு இரண்டாவது ஆயுள் அளிக்கும் காரியமாகும்.

அந்த வித்தை சிவகாசிக்குப் புதியதன்று. கொண்டைய ராஜுவைப் போன்ற ஓவியர்களின் தெய்வப் படங்களை நாட்காட்டிகளாக்கி வீடுதோறும் அனுப்பிய ஊர் அது. கணினி வருவதற்கு முன் வண்ண அச்சுக்கூடங்களில் பிராஸஸ் காமிராவின் எதிரே மூலச் சித்திரத்தைப் பலகையில் பொருத்தி, இருபுறமும் விளக்குகளை 45 டிகிரிச் சாய்வில் நிறுத்துவார்கள். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பது இயற்கை விதி. ஆகவே பக்கவாட்டில் விழுந்த ஒளியின் பளபளப்பு, நேர் எதிரே நிற்கும் காமிராவை அடையாமல் மறுபக்கம் விலகிப் போய்விடுகிறது.

மாணவர்கள் செய்ய வேண்டியதும் இதுவே. படம் கிடக்கும் இடத்தில் முதலில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்தால், காமிராவின் லென்ஸ் அதன் நடுவில் தெரிய வேண்டும். தெரிந்தால் காமிரா செம்மையாக நிற்கிறது. பின்னர் ஒரு பென்சிலைப் படத்தின் நடுவில் செங்குத்தாக நிறுத்தினால், இருபுறமும் விழும் நிழல்கள் ஒரே அளவும் ஒரே கருமையும் உடையனவாக இருக்க வேண்டும். ஒன்று கறுத்தால், அதற்கு எதிர்ப்புறத்து விளக்கைச் சற்றே பின்னுக்குத் தள்ள வேண்டும். நம் மின்சாரத்தில் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிப்பதனால், விநாடிக்கு 25 பிம்பம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டால் திரையில் பட்டைகள் ஓடா.

இன்ஸ்டன்ட் படமோ சற்றே வளைவதனால் எஞ்சிய பளபளப்பு எங்கேனும் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மருந்து உண்டு. விளக்குகளின் முன் போலரைசர் தகடுகளை ஒரே திசையில் பொருத்தி, லென்ஸின்மேல் உள்ள போலரைசரை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் மேற்பரப்பின் மினுக்கம் முற்றும் அவிந்து, உள்ளிருக்கும் வண்ணம் மட்டும் ஆழ்ந்து விளங்கும். ஒளி மிகவும் குறைந்துவிடுமாகையால் முக்காலி அவசியம். இந்தத் தகட்டை 1929-ஆம் ஆண்டளவில் கண்டுபிடித்தவரும் அதே எட்வின் லேண்ட்தான். பளபளக்கும் படத்தையும் அந்தப் பளபளப்பை அடக்கும் தகட்டையும் ஒரே மனிதரே உலகுக்கு அளித்தார்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு குற்றமற்ற பிரதியைப் பத்திரப்படுத்திய பிறகு, மாணவர்கள் போலரைசர்களைக் கழற்றிவிட்டு இன்னொரு முறையும் எடுப்பார்களாக. அந்தப் படத்தைக் குடும்பத்துப் பாட்டியின் கையில் கொடுத்து, ஒரே ஒரு விளக்கைத் தாழ்வாக வைக்கட்டும். மருந்துத் தூளின் சாம்பல் நிறம் படிந்த விரல்கள் படத்தைச் சாய்க்கும்போது, வெள்ளைப் பளபளப்பு முகத்தின் மேலிருந்து மெல்ல வழுக்கி விலக, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் தம் மகளை அவர் பார்ப்பார்; நாமும் அவரோடு பார்ப்போம்.